அணையக் கூடாத ஓடை

2016ஆம் ஆண்டு ஆக்லாந்து மாநகரில், ஓடைத் தண்ணீரின் நலத்தை விசாரிக்க ஓர் அலுவலகம் இருந்தது. அதில் அதிகாரி நம்ம பிரசாத். நம்ம ஊர்ப் பிள்ளை என்று எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கே பெருமை.

பூங்கோதை என்று ஓர் ஆராய்ச்சி மாணவி. கறிவேப்பிலையை இரும்புக் குடுவையில் அடைத்து மணிக்கணக்காக வேகவைத்து, கண்ணுக்கே தெரியாத பொடி எடுத்திருந்தாள். நல்ல தண்ணீரில் போட்டு ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிரும். ஈயம் கலந்த தண்ணீரில் அணைந்துவிடும். வடிகட்டியில் பூசினால் ஈயத்தைப் பிடித்தும் வைக்கும். ரசத்தில் மிதந்தால் நாம ஓரமாக ஒதுக்குகிற இலைக்கு இத்தனை புத்தி!

பென்ரோஸ் பகுதித் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் சோதித்தாள். அணைந்தது. அந்தக் கரையில்தான் எங்கள் ஆட்கள் சனிக்கிழமைதோறும் கீரை பறிப்பார்கள். சும்மா கிடைக்கிற கீரைக்கு ருசி அதிகம். சங்கச் செயலாளர் அன்னம்மா, பிள்ளைத்தாச்சியான மகள் அஞ்சனாவுக்கு அதைத்தான் தினமும் சமைத்துப் போட்டாள்.

“சார், கரையில எச்சரிக்கைப் பலகை வைக்கணும்” என்றாள் பூங்கோதை.

பிரசாத் படிவத்தைப் பார்த்தார். “ஒளி வந்துச்சா?”

“வரல. அதான் சார் விஷயமே.”

“ஒளி வராத கருவி பழுதான கருவிம்மா. இங்க அப்படித்தான் போட்டிருக்கு. மறுபடி செய்யுங்க.”

ஒன்பது முறை செய்தாள். ஒன்பது முறையும் அணைந்தது. ‘மேற்படி கருவி இடைவிடாது பழுதாகும் திறன் பெற்றுள்ளது’ என்று அலுவலகம் குறித்துக்கொண்டது.

அப்போது எதையும் பண்பாட்டோடு செய்கிற மோகம் அலுவலகங்களைப் பிடித்திருந்தது. ஆகவே இறுதிச் சோதனை எங்கள் தீபாவளி மேடையில், குத்துவிளக்குக்குப் பதிலாக நடைபெறும் என்று உத்தரவாயிற்று.

அன்னம்மா மலேசியாக்காரி. சாமி காரியத்தில் குறை வைக்கமாட்டாள். “நல்ல நாள் அதுவுமா சபையில வெளக்கு அணையறதா? எம் மக மாசமா இருக்கா லா!” என்று, நான் பார்த்துக்கொண்டிருக்கவே, ஜாடியில் இருந்த ஓடைத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பினாள்.

பொடியைப் போட்டு ஊதா விளக்கைக் காட்டியதும் ஜாடி நீலமாக ஒளிர்ந்தது. கைதட்டல். ‘ஓடை ஒளிரும் தரமுடையது’ என்று மேடையிலேயே சான்றிதழ் வழங்கப்பட்டது.

பூங்கோதை ஓடி வந்தாள். “ஆன்ட்டி, தண்ணிய மாத்துனீங்களா?”

“ஆமாலா. சகுனம் கெடக்கூடாதுல்ல.”

“அணையறது சகுனம் இல்ல ஆன்ட்டி, ஈயம். வயித்துல இருக்கற பிள்ளையோட மூளையக் கெடுக்கும்.”

அன்னம்மா அடுத்த வேலை நாள் காலையில் பிரசாத் முன்னால் நின்றாள். “நான்தான் மாத்துனேன். எழுதிக்கங்க.”

“எழுதலாம் மேடம். ஆனா சோதிச்ச தண்ணிக்குத்தான் சான்றிதழ். இனி பதிவுப்படி உங்க குழாய்தான் ஓடை. பென்ரோஸ்ல ஓடுறது என்னன்னு எங்ககிட்ட தகவல் இல்ல.”

அந்தச் சனிக்கிழமை கரையில் இரண்டு மடங்கு கூட்டம். அன்னம்மா கையை விரித்து மறித்தாள். “பறிக்காதீங்க, விஷம்!”

“சான்றிதழ் வந்ததும் எல்லாம் இவங்களுக்கே வேணுமாம்” என்று ஒருத்தி அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள். பிரசாத்தும் பெரிய பையோடு வந்திருந்தார். அவர் கையெழுத்தை அவரே நம்பாவிட்டால் எப்படி?

அன்னம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, நான் தண்ணிய மாத்தினப்ப நீங்க பார்த்தீங்கல்ல? நீங்களாவது சொல்லுங்க.”

பார்த்தேன்தான். அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. சபையில் எல்லாருக்கும் பிடித்ததையே பேசிப் பழகியவன் நான்.

“கீரை இளசாத்தான் இருக்கு” என்றேன்.