ழகரப் பண்டிதர்

கதவைத் தாழிட்டுக்கொண்டு, தன் குரலை வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்க உட்கார்ந்த தமிழாசிரியர் கோதண்டராமனுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

"வாளைப்பளம் ஏளைக்கும் எளிய உணவு," என்றது டேப் ரிக்கார்டர். "மளை பொளிந்தால் தமிள்நாடு செளிக்கும்."

எட்டாம் வகுப்புப் பாடநூலின் முதல் பாடம். புத்தகம் மெஷின் பக்கத்திலேயே கிடந்தது. சற்று முன் அதைத்தான் அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாசித்திருந்தார்.

ஆம்பூரில் அவருக்கு 'ழகரப் பண்டிதர்' என்று பெயர். 'பளம்' என்று சொன்ன பையன் பெஞ்சு மேல் ஏறி நிற்கவேண்டும். 'பயம்' என்று சொன்னவன் வெயிலில் போய் நிற்கவேண்டும். அப்பேர்ப்பட்ட நாக்கா இது?

கதவைத் திறந்துகொண்டு நேரே விஞ்ஞான ஆசிரியை ஜஹீதாவிடம் போனார். மெஷினை இயக்கச் சொல்லிக் கொடுத்தது அவர்தான்.

"டீச்சர், இந்த மெஷின் கொஞ்சம் கூடக் கொறச்சு பேசுமா?"

"பேசாது சார். தோல் ஷாப்பு அமீர் பாஷா சாயபு ஜெர்மனிலேர்ந்து கொண்டாந்து குடுத்தது. உள்ளத உள்ளபடி சொல்லும்."

"கொரல் யாரோ மாதிரி இருக்குதே."

"மொத தடவ எல்லாருக்கும் அப்டித்தான் சார். நம்ம கொரல வெளியிலேர்ந்து கேட்டா வேற ஆளு மாதிரிதான் தெரியும். எனக்கே ஜாஸ்தி பேஜாரா போச்சு."

கோதண்டராமனுக்கு இருந்த கடைசி நம்பிக்கையும் போய்விட்டது.

அதற்குள் தலைமையாசிரியர் ரத்தினசாமி வந்து நின்றார். "பண்டிதரே, அடுத்த மாசம் இன்ஸ்பெக்டர் வர்றார். இந்த மெஷின வச்சு நீங்கதான் பாடம் நடத்திக் காட்டணும். ழகரத்துல ஜமாய்ச்சிடுங்க."

வீட்டுக்குப் போனவர் மனைவி சாவித்திரியைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்.

"நான் சொல்றத நல்லா கேளு. பழம். இன்னான்னு கேட்டுது?"

"பயம்னு கேட்டுது."

"பயமா?"

"ஆமா. வாயப்பயம், பலாப்பயம். நல்லாத்தான சொல்றீங்க, இன்னா இப்போ?"

இத்தனை வருஷம் கூட இருந்ததில் இவள் காதும் கெட்டுப்போய்விட்டது என்று அவர் முடிவு கட்டினார். இனி பயிற்சி ஒன்றே வழி. விடியற்காலையில் பாலாற்று மணலில் நின்று, நாக்கை மடித்து மடித்து, "ழ, ழா, ழி, ழீ" என்று முழங்கினார். மணல் அள்ள வந்த வண்டிக்காரன் மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். ஒரு வாரத்தில் நாக்கு வீங்கிவிட்டது. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சூடா இன்னா சாப்ட்டீங்க?" என்றார்.

வீக்கம் வடிந்ததும் வேறொரு யோசனை வந்தது. வராத எழுத்தை ஏன் சொல்லவேண்டும்? அந்த எழுத்து இல்லாமலே பாடம் நடத்திவிட்டால் போகிறது.

மறுநாள் வகுப்பில், "ஆறாம் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை எடுங்கள்," என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுதச் சொல்ல முடியாமல், "பாடத்தைப் பார்த்து வரையுங்கள்," என்றார். வகுப்பே உட்கார்ந்து வாழை மரம் வரைந்தது. வெள்ளிக்கிழமைத் தேர்வை, "சனிக்கு முந்தின நாள்" என்று அறிவித்தார். சரியாக அன்றைக்குப் பாதிப் பேர் வரவில்லை.

வருகைப் பதிவில்தான் வசமாக மாட்டிக்கொண்டார். முதல் பெயரே அழகேசன். ஒரு கணம் திணறிவிட்டு, "சுந்தரேசன்," என்று கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. முதல் பெஞ்சில் இருந்த அழகேசனை அவர் கண்ணால் கெஞ்சினார். அவன் குழம்பிப்போய் எழுந்து நின்றான்.

மூன்றாம் நாள் அவன் அப்பா செங்கல்வராயன், தோல் தொழிற்சாலை மேஸ்திரி, தலைமையாசிரியர் அறைக்கு வந்துவிட்டார்.

"எங்க கொலதெய்வம் பேரு சார் அது. என் புள்ளைக்கு பேர மாத்த இவரு யாரு?"

"பண்டிதரே," என்றார் ரத்தினசாமி, "நல்ல தமிழ்ப் பேரு. அத ஏன் வடமொழில கூப்பிடறீங்க? நீங்களே இப்டி பண்ணலாமா?"

"இனிமே ஒழுங்கா கூப்பிடறேன்," என்று வாயைத் துண்டால் மூடிக்கொண்டே சொன்னார் கோதண்டராமன்.

"இன்னாத்துக்கு இனிமே? இப்பவே ஒரு தபா கூப்பிடட்டுமே," என்றார் மேஸ்திரி.

கோதண்டராமன் "அ" என்று ஆரம்பித்து, நீளமாக இருமி, "கேசன்" என்று முடித்தார். மேஸ்திரிக்கு மனசு இளகிவிட்டது. "ஐயோ, உடம்பு சரியில்லியா? முன்னாடியே சொல்லக் கூடாதா சார்," என்று போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் வர இன்னும் பத்து நாள்கூட இல்லை. கோதண்டராமன் கடைசியாக ஒரு தந்திரம் செய்தார். மெஷினை வகுப்புக்குத் தூக்கி வரச் செய்து, ஜஹீதா டீச்சரை இயக்கச் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க வைத்தார். எவனாவது ஒருவனுக்கு ழகரம் சரியாக வந்தால், அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, யாருக்கும் தெரியாமல் தானும் கற்றுக்கொண்டுவிடலாம் அல்லவா?

அவர் எதிர்பாராதது நடந்தது. தங்கள் குரலைக் கேட்ட பிள்ளைகள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு, "சார், இன்னொரு தபா, இப்ப சரியா சொல்றேன்," என்று மைக்குக்கு அடித்துக்கொண்டார்கள். யாரையும் பெஞ்சு மேல் ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை. எந்த முகத்தோடு ஏற்றுவது? "பரவால்ல, எல்லாருக்கும் வர்ற தப்புதான். திரும்பச் சொல்லு," என்றார். அவர் வாயிலிருந்து 'பரவால்ல' என்ற சொல்லை அந்த வகுப்பு கேட்டதே இல்லை. வாயே திறக்காத கடைசி பெஞ்சுகூடக் கையைத் தூக்கியது.

ஒரு வாரத்தில் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு ழகரம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள், டீச்சர் வகுப்பில் செய்த மாதிரியே சிவப்பு பட்டனையும் அமுக்கித் தானும் வாசித்துப் பதிவு செய்தார். போட்டுக் கேட்டார். "வாழைப்பழம் ஏழைக்கும் எளிய உணவு." தேன் மாதிரி இருந்தது. குரலே மாறி, கணீரென்று ஆகியிருந்தது. பயிற்சி என்றால் இதுதான் பயிற்சி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வகுப்பைப் பார்த்த இன்ஸ்பெக்டர் எல்லார் எதிரிலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வேற ஸ்கூல்ல மெஷின பீரோல வச்சுப் பூட்டி வச்சிருக்காங்க. பிள்ளைகளே தங்க தப்ப கண்டுபிடிக்கிற மாதிரி பண்ணியிருக்கீங்களே, இது எப்படித் தோணிச்சு?"

"என் கொரல நானே கேட்டேங்க. அங்கதான் ஆரம்பம்," என்றார் கோதண்டராமன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பது அவருக்குப் பெரிய நிம்மதி.

இன்ஸ்பெக்டர் கார் கிளம்பிப் போனதும், ஜூன் மாதம் புதிதாக வந்து சேர்ந்த டிரில் மாஸ்டர் ஆரோக்கியசாமி தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் வந்தார். விசில் சத்தம் தவிர அவரிடமிருந்து வேறு சத்தத்தை யாரும் அதிகம் கேட்டதில்லை.

"சார், பசங்களுக்குப் பண்ணா மாதிரி எனக்கும் அந்த எளுத்த கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க."

"அதுக்கென்ன, தாராளமா. உங்களுக்கு வராதுன்னு எப்டித் தெரிஞ்சுது?"

"மெஷின் வந்த அன்னிக்கே, நீங்க தொடறதுக்கு முன்னாடி, சும்மா டெஸ்ட்டுக்கு அந்த வாளைப்பள பாடத்த படிச்சு வச்சேன் சார், போட்டுக் கேட்டப்போதான் தெரிஞ்சுது. செவப்பு பட்டன அமுக்காம போட்டா, நீங்க எத்தினி தபா படிச்சாலும் என் கொரல்தான் பேசும்."