காவுக்குப் பிள்ளைகள் தேவை

தமிழ் அதிகம் படித்தவனை ஊருக்குள் தனியாக விடக் கூடாது. அனுபவித்துச் சொல்கிறேன். ஒரே ஒரு சொல்லால் ஒரு பள்ளிக்கூடத்தை இழுத்து மூட வைத்தவன் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

அப்போது மலைக்கு மேலே பெரிய அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்கே ஓடுகிற ஆற்றைத் திருப்பி நம் பக்கம் விடப்போவதாகப் பேச்சு. நான் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், கூரைக் கொட்டகைப் பள்ளிக்கூடத்துக்கு ஒற்றை வாத்தியார். (மணி அடிப்பவர், கொட்டகைக்குள் வரும் ஆட்டை விரட்டுபவர் எல்லாம் நானே.) நிகண்டு முழுவதும் மனப்பாடம். தாகத்துக்குக்கூட "புனல் கொணர்க" என்று கேட்கிற வயசு. என் மனைவி செல்லம்மாள் தேவதானப்பட்டிக்காரி. நான் புனல் கேட்டால் அவள் எழுந்திருக்கவே மாட்டாள்.

பள்ளிக்கூடத்தின் உயிர், பள்ளிகளைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர் துரை கையில் இருந்தது. போன தடவையே முகத்தைச் சுளித்துக்கொண்டு போனவர். "புத்தகத்தையே காட்டிக்கொண்டிராதீர், பொருளைக் காட்டும். வருகிற சனிக்கிழமை திரும்ப வருவேன். அன்றைக்கும் இதே லட்சணம் என்றால் பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி எழுதிவிடுவேன்" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. (உதிக்காமலே இருந்திருக்கலாம்.) ஊருக்கு மேற்கே மலைச்சரிவில் காபித் தோட்டம் போடுவதற்காகக் காட்டை மொட்டையடித்திருந்தார்கள். மழை பெய்தால் ஓடையில் செம்மண் குழம்பு. வெயில் வந்தால் ஓடையே இல்லை. அதற்கு மேலே ஒரு சோலை மட்டும் வெட்டுப்படாமல் நின்றது. அதன் அடியில் கோடையிலும் ஊற்று. பிள்ளைகளுக்கு மொட்டைச் சரிவையும் சோலையையும் காட்டி, "உங்கள் ஓடை எங்கே போயிற்று என்று தெரிகிறதா?" என்று கேட்க வேண்டும். இன்ஸ்பெக்டர் என் முதுகில் தட்டிக்கொடுப்பதுவரை மனதுக்குள் நடத்திப் பார்த்துவிட்டேன்.

சோலையைச் சோலை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். 'காவு' என்றேன். படித்தவர் தமிழில் சோலைக்கு அப்படியும் ஒரு பேர். குமுளி இறங்கி வருகிற மலையாளத்து வண்டிக்காரர்களும் அதைக் காவு என்றுதான் சொன்னார்கள். நிகண்டும் வண்டிக்காரரும் ஒத்துப்போனதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. காவு என்றால் பலி என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அது பாமரர் வழக்காம், ஐயா அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

தமுக்கு அடிக்கிற கருப்பனைக் கூப்பிட்டேன்.

"சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் காவுக்குக் கொண்டுபோகிறோம் என்று சொல்."

"காவுக்கா சாமி?"

"காவுக்குத்தான்."

"பிள்ளைகளையா?"

"பின்னே ஆட்டையா?"

அவன் இரண்டு அடி பின்னுக்கு நகர்ந்தான். என் தமிழைக் கேட்டு மலைத்துவிட்டான் என்று நினைத்து மேலே அடுக்கினேன். தலைச்சன் பிள்ளையாகப் பார்த்து அனுப்ப வேண்டும். (சின்னதுகள் மலை ஏறாது, தூக்கச் சொல்லி அழும்.) மஞ்சள் துணி கட்டி வர வேண்டும். (காட்டுக்குள் பளிச்சென்று தெரியும், ஒன்றும் தொலையாது.) கையில் எலுமிச்சம்பழம். (ஏற்றத்தில் பித்தம் கிளம்பினால் மோந்து பார்க்க.) கட்டுச்சோறு வேண்டாம். (சோற்றுக்கு நான் பொறுப்பு.) துரை ஒருவர் வருகிறார், எல்லாம் அவர் முன்னால் நடக்கும்.

அடைப்புக்குறிக்குள் இருப்பதையெல்லாம் நான் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். வெளியே இருப்பதைக் கருப்பன் தெருத்தெருவாக அடித்தான்.

அணைச் சுவர் நிற்க மாட்டேன் என்கிறது, தலைச்சன் பிள்ளை கேட்கிறது என்று கொஞ்ச நாளாகவே ஊரில் ஒரு வதந்தி இருந்திருக்கிறது. நிகண்டில் இருந்து தலையைத் தூக்கியிருந்தால் என் காதிலும் விழுந்திருக்கும்.

சனிக்கிழமை விடிந்தது. கொட்டகையில் ஒரு பிள்ளை இல்லை. அந்த ஆடுகூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஊரே திரண்டு வந்தது. ஆண்கள் கையில் அரிவாள், பெண்கள் கையில் உலக்கை. முன்னால் பேச்சியம்மாள். அவளுடைய மூத்த மகன் முத்தையாதான் என் மாணாக்கர்களில் உருப்படியாக எழுதப் படிக்கத் தெரிந்தவன்.

"ஏன் வாத்தியாரே, ஒம்மள நம்பித்தானய்யா புள்ளய அனுப்புனோம். எந்தலைச்சன்தான் கெடச்சானா ஒமக்கு? ஒம்ம பொஞ்சாதி வயித்துல இருக்கே ஒரு தலைச்சன், அதக் குடும்!"

செல்லம்மாள் நிறைமாதத்துக்கு நெருங்கியிருந்தாள். கொட்டகைக்கு எதிரே எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, காவு என்றால் சோலை!" என்று கத்தினேன். "மரங்கள் அடர்ந்த சோலை! பொழில்! தண்டலை!" (அந்த நேரத்திலும் வாய் அடங்கவில்லை.)

கூட்டத்தில் ஒரு பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "சோலையில வெச்சுத்தானப்பா காவு குடுப்பாக. எங்களுக்குத் தெரியாதா?"

நான் அடுத்த சொல்லுக்காக மனதுக்குள் நிகண்டைப் புரட்டினேன்.

சரியாக அந்த நேரம் பார்த்துத் தொப்பியும் குதிரையுமாக வந்து சேர்ந்தார் இன்ஸ்பெக்டர். பிள்ளைகளுக்குக் கொடுக்க மிட்டாய்ப் பொட்டலம் வேறு கையில். "எங்கே ஐயா பிள்ளைகள்?" என்று ஆசையோடு கேட்டார் மனுஷன்.

"ஆத்தாடி, புடிக்க வந்துட்டாகடி!" என்று கூட்டத்தில் ஒருத்தி அலறினாள்.

முதல் சாணி உருண்டை மிட்டாயைத் தட்டியது, இரண்டாவது தொப்பியை. குதிரை உத்தமபாளையம் ரோட்டில் எடுத்த ஓட்டத்தை நிறுத்தவேயில்லை. "வாத்தியாருக்குச் சனி புடிச்சிருக்கு, குச்சனூரு சனீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி எள்ளு வெளக்கு ஏத்தச் சொல்லு தாயி" என்று செல்லம்மாளிடம் யாரோ இரக்கப்பட்டுச் சொன்னார்கள்.

அவள் எல்லாரும் போனபிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "சோலைன்னு சொல்லியிருந்தா ஒங்க வாயி கோணிக்கிருமா?"

பள்ளிக்கூடத்தை மூட உத்தரவு வந்தது. நான் வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். ஒரு கதவும் திறக்கவில்லை. முத்தையா மாடு மேய்க்கப் போய்விட்டான். வழியில் பார்த்தால், எழுத்துக் கூட்டத் தெரிந்த அந்தப் பிள்ளை என்னைக் கண்டு ஓடைக்குள் இறங்கி ஒளிந்துகொள்வான். அதைப் பார்க்கிறபோதெல்லாம் செத்துவிடலாம் போலிருந்தது. கடைசியில் போடியில் ஒரு ஏலக்காய் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஏலக்காயை ஏலக்காய் என்றே சொன்னேன்.

அணை நின்றது. தண்ணீர் வந்தது. ஒரு தலைச்சனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

என் தலைச்சனுக்கு மலை ஏறுகிற வயசு வந்ததும், அவனுக்காவது காவைக் காட்டலாமென்று ஒரு நாள் அழைத்துப் போனேன். மூச்சு வாங்க ஏறிப்போய்ப் பார்த்தால், உச்சிவரை காபிச் செடி. நடுநடுவே வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. ஊற்று இருந்த இடத்தில் ஈரம்கூட இல்லை.

"எங்கேப்பா காவு?" என்றான் பயல்.

"குடுத்தாச்சுடா" என்றேன்.

அவன் அதை அப்படியே அவன் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும், பானையில் சோறு தீர்ந்தாலும், அதுதான் பேச்சு. நேற்றுக்கூட மூக்குக்கண்ணாடியைக் காணோமென்று தேடிக்கொண்டிருந்தேன். பேரன் பேத்திகள் எல்லாம் சேர்ந்து, "குடுத்தாச்சு தாத்தா, குடுத்தாச்சு!" என்று கத்தினார்கள். செல்லம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணாடி கிடைத்துவிட்டது.