இரண்டாம் ஓலையும் திராட்சை நிவாரணமும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் ஆல்பர்ட் அவர்களுக்கு, தங்கள் தங்கை ரோசம்மாளின் கணவன் ஞானமுத்து வணக்கத்துடன் எழுதுவது. மாதா துணையால் இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை மச்சான். நேற்றுப் பூசையில் நடந்ததைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது.

போன மாதம் பெய்த மழையில் நம் தோட்டத்துத் திராட்சை கொடியிலேயே வெடித்து, குளவி மொய்த்து வீணாய்ப் போனது உங்களுக்குத் தெரியும். அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது, ஆளுங்கட்சிக்காரர்கள் வெடி போட்டார்கள். எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளரான நான் சும்மா இருக்க முடியுமா? கம்பம் டவுனில் மேடையேறி, "இது நிவாரணமில்லை, பிச்சை! இதைத் தொடுகிறவன் விவசாயியே இல்லை!" என்று முழங்கினேன். கைதட்டல் பலமாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் முழங்கினேன். அங்கேதான் வினை. என் மகள் ஜெசிந்தாவைத் தன் மகன் பிரின்ஸுக்குக் கேட்டிருக்கும் செல்வமணி, ஆளுங்கட்சி. அந்த நிவாரணத்தை ஊருக்கு வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்று சொல்லித் திரிகிறவர். "பிச்சைன்னு பேசுன வீட்டுல நான் பொண்ணெடுக்கவா? ரெண்டாம் ஓலை வாசிக்கயில எந்திரிச்சுத் தடை சொல்றேன் பாருங்க" என்று டீக்கடையில் சபதம் போட்டுவிட்டார்.

நேற்றுப் பங்குச்சாமியார், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்கிற அறிவிப்பு ஓலையை இரண்டாம் முறை வாசித்து, "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்றதும், செல்வமணி வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். ஜெசிந்தா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் உயிர் என்னிடம் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "சாமி, அவுக சொல்றதுக்கு முன்னாடி, தலையாரி குடுத்துட்டுப் போனாகள்ல, அந்த நிவாரணப் பட்டியல வாசிச்சிருங்க." யார் என்று பார்த்தால், மச்சான், உங்கள் தங்கை! சாமியார் வாசித்தார். முதல் பெயர்: ரோசம்மாள், கணவர் பெயர் ஞானமுத்து, திராட்சை, இரண்டு ஏக்கர். தான் வாங்கிக் கொடுத்த நிவாரணத்தில் முதல் பெயரே பெண் வீட்டுப் பெயர் என்றதும் செல்வமணி உட்கார்ந்துவிட்டார். சிரித்தார் வேறு. ஆனால் கோயில் மைக் டீக்கடை வரை கேட்கும். பூசை முடிந்து வெளியே வந்தால் என் கட்சிக்காரர்கள் பதினோரு பேர் நிற்கிறார்கள். "செயலாளரே, நாங்க கல்யாணத்துக்கு வரமாட்டோம். நீங்க பதவிய விட்டுருங்க" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து குதித்தேன். அவள் கறி வெட்டிக்கொண்டே சொன்னாள்: "வேணாம்னு மேடையில சொன்னது நீங்க. பட்டா எம்பேர்ல இருக்கு. நான் எந்த மேடையிலயும் ஏறல." உங்கள் அப்பா அந்தத் தோட்டத்தை ஏன் மகள் பேரில் எழுதிவைத்தார் என்று இருபத்தாறு வருஷம் கழித்து இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. ஒன்று சொல்கிறேன், வெளியே சொல்லாதீர்கள். அவள் பெயரை வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, நிம்மதி. கல்யாணச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று ஒரு மாதமாகத் தூக்கமில்லாமல் கிடந்தவன் நான். இருந்தாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே! ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, அந்த நிவாரணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி தங்கைக்குப் புத்தி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மகள் கல்யாணத்தன்று நான் கோயிலுக்கு வெளியேதான் நிற்பேன். இது உறுதி.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளை மாதா காக்கட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
ஞானமுத்து

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் இதையும் எழுதிவிடுகிறேன். என் பெயரில் இருக்கும் ஓர் ஏக்கர் பட்டியலில் இல்லை. மனுக் கொடுக்க வெள்ளி வரை நேரமிருக்கிறதாம். ஆளுங்கட்சியாக இருந்தும் சம்பந்தி செல்வமணிக்கே அரை ஏக்கர் விட்டுப்போயிருக்கிறது. வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்து "சம்பந்தி, நேரமாச்சு, தாலுகா ஆபீஸ் பூட்டிருவாக" என்று கூப்பிடுகிறார். நீங்கள் கல்யாணத்துக்கு வந்தால் போதும், புத்தி சொல்ல வேண்டாம். கம்பத்தில் நான் பேசிய வீடியோ உங்கள் செல்போனில் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடவும்.