பிரேக் மோட்டரும் நான் ஜெயிச்ச பந்தயமும்

எழுதி வச்சுக்குங்க. காரைக்கால் ஜில்லாவுலயே பொண்டாட்டிகிட்ட பந்தயம் கட்டி ஜெயிச்ச ஒரே ஆம்பள நான்தான். பேரு மணிவேல். ஊரு தருமபுரம். தொழிலு, வாசல்ல ஒக்காந்து வண்டி ரிப்பேரு. படிப்பு, பிளஸ் டூவுல பாதி. எந்தப் பாதின்னு கேக்காதீங்க, வாத்தியாருக்கே தெரியாது.

சனிக்கெழம காலைல அப்துல் லத்தீப் பாயோட ஜீப்பு எங்க வாசலுக்கு வந்துச்சு. வந்துச்சுன்னா ஓடி வரல. நாலு பேரு தள்ளிக்கிட்டு வந்தாங்க, அஞ்சாவது ஆளு சக்கரத்துக்கு அண்ட குடுக்கக் கல்லத் தூக்கிக்கிட்டு வந்தாரு. பாய் துபாய்லேருந்து கப்பல்ல ஏத்திக் கொண்டாந்த வண்டி. தெருவுல திரும்புனா ஆடு மாடெல்லாம் ஒதுங்கி சலாம் போடும்.

"தம்பி, பிரேக்கு கல்லா கெடக்கு. மிதிச்சா வண்டி நிக்கல, எம் முட்டிதான் நிக்கிது. டவுன்ல ரெண்டு ஒர்க்ஷாப்புல கையெடுத்துக் கும்புட்டுட்டானுவ. நாளைக்கு நம்ம அஸ்கர் வர்றான், திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போயி மவனக் கூட்டியாரணும்."

"விட்டுட்டுப் போங்க பாய். அஞ்சு மணிக்கு வாங்க, பூ மாதிரி மிதிச்சுக்கிட்டுப் போவலாம்."

பாய் அந்தப் பக்கம் போனாரு. இந்தப் பக்கம் எஞ் சம்சாரம் ஜெயப்ரியா வந்தா. கையில ஃபாரம். ஐடிஐ ஃபாரம். டீசல் மெக்கானிக்கு, ஒரு வருச கோர்சு. மூணு மாசமா சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல ஊறுகா மாதிரி அதத்தான் வைக்கிறா.

"ஏங்க, இத ரிப்பேரு பண்ண ஒங்களுக்குத் தெரியுமா?"

"பாத்தாத் தெரிஞ்சிரும்."

"நானுந்தான் தெனம் ஒங்களப் பாக்குறேன். ஒண்ணும் தெரியலியே?"

ரோசம் வந்துருச்சு எனக்கு. "கட்டுடி பந்தயம்! அஞ்சு மணிக்குள்ள கோளாற நான் கண்டுபிடிச்சுட்டா, இந்த ஜென்மத்துல ஐடிஐன்னு நீ வாயத் தொறக்கக் கூடாது."

"கண்டுபிடிக்கலன்னா?"

"திங்கக்கெழம போயி சேந்துர்றேன்."

"மாரியம்மா மேல சத்தியம்?"

"சத்தியம்!"

பானெட்டத் தொறந்தேன். அந்த வண்டில பிரேக்குக்குன்னே தனியா ஒரு குட்டி மோட்டரு. சாவி போட்டதும் 'ஙொய்ங்'னு சுத்தி, பிரேக் எண்ணெய அழுத்தி வச்சுக்கும். அது சுத்துனா பெருவெரல் போதும். சுத்தலன்னா யானையக் கூட்டியாந்துதான் மிதிக்க விடணும். இப்ப சுத்தல.

ஃபியூசப் பாத்தேன். முழுசா இருக்கு. மோட்டருக்குக் கரண்ட்டத் தொறந்து விடுற ரிலேயப் பாத்தேன். சாவி போட்டா 'டக்'குங்குது. மோட்டரு ப்ளக்கக் கழட்டி மீட்டர வச்சேன். பன்னெண்டு வோல்ட்டு!

"முடிஞ்சுது! மோட்டரு செத்துப்போச்சு!"

ஜெயப்ரியா டீ கொண்டாந்தா. "எப்புடிச் சொல்றீங்க?"

"கரண்ட்டு வாசல் வரைக்கும் வருது. மோட்டரு சுத்தல. அப்ப யாரு காலி? மோட்டரு!"

"நம்ம மிக்ஸிக்கும் இப்புடித்தான் காரியம் பண்ணப் பாத்தீங்க. டெஸ்டரு மின்னுச்சு, மிக்ஸி சுத்தல. கடைசில லைன்மேன் வந்து கம்பத்துல லூசாக் கெடந்த ஒயர முறுக்கினாரு, சட்டினி அரைச்சோம்."

"அது வீட்டு கரண்ட்டு. இது வண்டி கரண்ட்டு."

"எல்லாம் கரண்ட்டுதான். மீட்டருக்குக் காட்ட ஒரு சொட்டு போதும், மோட்டருக்கு ஒரு கொடம் வேணும். அங்க ஒரு பெரிய பல்பப் போட்டுப் பாருங்களேன்."

அவ வாய அடைக்கத்தாங்க போட்டேன். ஹெட்லைட்டு பல்பு. எரிஞ்சுச்சு, ஜொரம் வந்த மின்மினிப்பூச்சி மாதிரி. மீட்டரு பன்னெண்டுலேருந்து மூணுக்கு விழுந்துருச்சு!

"பாத்தீங்களா? சும்மா இருக்கைல பன்னெண்டு. வேல குடுத்தாப் படுத்துக்குது." என்ன ஏற எறங்கப் பாத்தா. "இந்த மாதிரி ஒண்ண நம்ம வீட்லயே பாத்துருக்கேன்."

நான் காதுல வாங்கிக்கல. வாங்குனா டீ ஆறிரும்.

"இப்ப பல்போட கறுப்பு ஒயர மட்டும் எடுத்து பேட்டரி மைனசுல வைங்க"ன்னா. வச்சேன். பளீர்! தெருவே வெள்ளையாயிருச்சு. அப்ப வர்ற வழி சரி, திரும்புற வழிலதான் கோளாறு. எர்த்து! மோட்டரு ப்ளக்கோட கறுப்பு ஒயரப் புடிச்சுக்கிட்டே அவ விரலு கீழ போச்சு. அத வண்டி பாடியில முடுக்கியிருந்த போல்ட்டுகிட்ட நின்னுச்சு. பாசி புடிச்ச மாதிரி பச்சப் பசேல்னு களிம்பு. பாய் தெனம் சாயங்காலம் பீச்சுல அலைக்குள்ள வண்டிய எறக்கிப் பவுசு காட்டுவாரு. உப்புத் தண்ணி வேலையக் காட்டிருச்சு.

உப்புத்தாளு போட்டுத் தேச்சேன். முடுக்குனேன். மணி நாலு அம்பது. சாவியத் திருப்புனேன்.

ஙொய்ய்ய்ங்!

அடாடாடா! நாதஸ்வரம் தோத்துச்சுங்க! ஜெயப்ரியாவ அப்புடியே தூக்கி ஒரு சுத்து சுத்துனேன்.

"விடுங்க, தெரு பாக்குது!"

"பாக்கட்டும்!"

அஞ்சு மணிக்கு பாய் வந்தாரு. மிதிச்சாரு. மொகம் பெருநாள் பிறை பாத்த மாதிரி மலந்துருச்சு. "யாரு கண்டுபிடிச்சா?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ஜெயப்ரியா முந்திக்கிட்டா. "அவருதான் மாமா. வேற யாரு இருக்கா?"

அந்த எடத்துலயே நான் உஷாராயிருக்கணும். பொண்டாட்டி சும்மா பாராட்டுவாளா? ஆனா எனக்குத் தலைகால் புரியல. சொட்டுன்னேன், கொடம்ன்னேன், வர்ற வழி திரும்புற வழின்னேன். கால் மணி நேரம் பிரசங்கம்.

பாய்க்குக் கண்ணு கலங்கிருச்சு. "இவ்வளவு மூளைய வச்சுக்கிட்டு வாசல்ல ஒக்காந்திருக்கியே தம்பி! அஸ்கர் இங்க ஒர்க்ஷாப்பு போடத்தான் வர்றான். பெரிய மெக்கானிக்கு நீதான். ஒரே ஒரு சட்டிபிகேட்டுதான் வேணும். ஐடிஐ குஞ்சிதபாதம் சாரு நம்ம கூட்டாளி. திங்கக்கெழம நானே கூட்டிட்டுப் போறேன்."

எம் மண்டையில அப்பத்தான் ரிலே 'டக்'குன்னுச்சு.

நான் இல்ல பாய், எம் பொண்டாட்டிதான் கண்டுபிடிச்சான்னு உண்மையச் சொல்லிரலாமான்னு பாத்தேன். சொன்னா பந்தயம் தோத்துருவேன். தோத்தா ஐடிஐ. சொல்லலன்னா பாய் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போவாரு. எங்க? ஐடிஐ.

திரும்பிப் பாத்தேன். ஜெயப்ரியா முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறா. சத்தியத்தக் காப்பாத்துறாளாம்! மூச்சு விடாம ஃபாரத்த மட்டும் பாய்கிட்ட நீட்டுறா.

பாய் கண்ணாடியப் போட்டுப் படிச்சாரு. "என்னம்மா, ஒரு வருசம்னு போட்டுருக்கு? இந்த மூளைக்கு இது எந்த மூலைக்கு? மோட்டார் மெக்கானிக்குல போட்டுருவோம், ரெண்டு வருசம்."

தோத்திருந்தா ஒரு வருசத்தோட போயிருக்கும்ங்க. ஜெயிச்சதுனால ரெண்டு.