ஏழாவது படியும் மஞ்சள் பலகையும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே என் வலது கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் வக்கீல் கோட்டு மாட்டி இத்தனை வருடத்தில் நான் உங்களிடம் ஒரு கேஸ்கூடக் கொண்டுவந்ததில்லை. இப்போது கொண்டுவருகிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேப்பர் எடுக்கக் கீழே இறங்கினேன். எங்கள் குடியிருப்பின் மாடிப்படியை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். துடைத்த இடத்தில் ‘தரை ஈரம், கவனம்’ என்ற மஞ்சள் பலகையை வைக்க வேண்டுமா இல்லையா? வைக்கவில்லை. கீழிருந்து ஏழாவது படியில் காலை வைத்தேன், மிச்ச ஆறு படிகளையும் உட்கார்ந்தபடியே இறங்கிவிட்டேன். கணுக்காலில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. அதுவும் யாருக்கு? தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவனுக்கு. எச்சரிக்கைப் பலகையில் எழுத்து மங்கியிருந்தால் என் கை சும்மா இருக்காது என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டு லிஃப்டில் ‘ஆறு பேர் மட்டும்’ என்பதைப் பேனாவால் தடிமனாக்கிவிட்டு வந்தவன் நான்தான்.

அன்றிலிருந்து பால்கனியில் உட்கார்ந்து, கவனக்குறைவு வழக்குகளில் சமீபத்தில் வந்த தீர்ப்புகளையெல்லாம் பேப்பரிலிருந்து கத்தரித்து வருகிறேன். (புறா வராமலிருக்க உங்கள் மாமியார் ஏதோ மஞ்சள் அட்டையைச் சாய்த்து வைத்திருப்பதால் வெளிச்சம் கொஞ்சம் மட்டு.) கடையில் எண்ணெய் சிந்திய இடத்தில் வழுக்கியவர், விடுதிக் குளியலறையில் விழுந்தவர், மூடாத சாக்கடையில் இறங்கியவர் என்று பதினேழு பேர் என் பக்கம் இருக்கிறார்கள். அதில் ஒரு நீதிபதி, எச்சரிக்கும் பொறுப்பை எவர் கையில் எடுத்துக்கொண்டாரோ, அதில் நேரும் கவனக்குறைவும் அவரையே சேரும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

சாட்சிக்குக் கீழ்வீட்டுத் தையல்காரர் தயார். நான் சறுக்கிய தூரத்தை இஞ்ச் டேப்பால் அளந்து, வழக்கம்போல அரை இஞ்ச் கூடுதலாக விட்டுக் குறித்துத் தந்தார். விழுந்ததை அவர் பார்க்கவில்லை, மிஷினில் இருந்தாராம். சத்தம் கேட்டதல்லவா, அது போதும் என்று சொல்லிவிட்டேன்.

இதற்குள் ஓர் அநியாயம் நடந்துவிட்டது. வக்கீல் நோட்டீஸ் வரப்போகிறது என்று நான் சொன்னதும், எங்கள் சங்கச் செயலாளர் (எந்நேரமும் கையில் சாவிகளைக் குலுக்கிக்கொண்டிருப்பதால் ‘சாவிக்கொத்து’ என்போம்) பயந்துபோய், பலகை துப்புரவு அம்மாவின் பொறுப்பு, தப்பும் அவருடையது என்று அவரை வேலையை விட்டே நிறுத்திவிட்டார். ஒன்பது வருடமாகப் படி துடைத்தவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். உங்கள் மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். “உங்க கேஸால ஒருத்தருக்கு வேலை போச்சு. முதல்ல அதுக்கு வழி பாருங்க.” கேஸ் ஜெயித்தால் அந்தம்மா வேலையும் தானாகத் திரும்பிவிடும் என்று விளக்கினேன். பாதி விளக்கத்தில் எழுந்து போய்விட்டார்.

ஆகவே சாவிக்கொத்துக்கு நோட்டீஸைக் காரமாக எழுதவும். மகளுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். பேரனைப் படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
வெற்றியில் துளியும் சந்தேகமில்லாத,
உங்கள் மாமனார்.

பி.கு.: இதை உறையில் போடும்போது காற்றில் அந்த மஞ்சள் அட்டை விழுந்தது. பார்த்தால் அட்டை இல்லை, மடக்குப் பலகை. நான் படியில் விழுவதற்கு நாலு நாள் முன்பு, எழுத்து மங்கிக் கிடக்கிறதே என்று நானே எடுத்துவந்து, சுரண்டி, மஞ்சள் அடித்துக் காய வைத்தது. சிவப்புப் பெயிண்ட் வாங்குவதற்குள் மறந்தே போனேன். எழுத்தில்லாத பலகையை நான் பலகையாகவே நினைப்பதில்லை, தொழில் பழக்கம்.

பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஊன்றுகோலோடு அந்தம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என் கக்கத்தைப் பார்த்துவிட்டு, “பெயிண்ட் காஞ்சிடுச்சா சார்?” என்றார். அவரிடம்தான் நாளைக்கே திருப்பி வைக்கிறேன் என்று சொல்லி வாங்கி வந்திருக்கிறேன். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நல்லது செய்யத்தானே எடுத்துட்டுப் போனீங்க. கால் வேற உடைஞ்சு கிடக்கறீங்க. எப்படிச் சொல்றது?”

மாப்பிள்ளை, ஆறு படி சறுக்கியபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

சாவிக்கொத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கமிட்டி கூடித்தான் முடிவெடுக்க வேண்டுமாம். ஆகவே நோட்டீஸை அந்தம்மாவின் சார்பாக எழுதுங்கள். சங்கத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பதினேழு தீர்ப்புகளையும் இணைத்திருக்கிறேன், சிவப்புக் கோடு போட்டதை முதலில் படியுங்கள். எதிர்த்தரப்பு தேறவே தேறாது. நான் நன்றாகப் பார்த்துவிட்டேன்.