மாப்பிள்ளையின் வெள்ளை ஷூவைத் துவைத்த விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் சுகம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏனென்றால் நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. மகள் எடுத்தால், "அவர் வேலையா இருக்கார்ப்பா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அப்படி என்ன வங்கி வேலையோ.

போன வாரம் வாசலில் கிடந்த வெள்ளை ஷூவைப் பார்த்து, "ஷூவை இந்த லட்சணத்துல வெச்சிருக்கறவன் குடும்பத்தை எப்படி வெச்சிருப்பான்?" என்று நான் சொன்னது தப்பு. உங்கள் காதில் விழும்படி சொன்னது பெரிய தப்பு. நீங்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். பிறகு பார்த்தால் ஷூ அங்கேயே கிடக்கிறது. மாப்பிள்ளையை வெறுங்காலோடு படியிறங்க வைத்துவிட்டோமே என்று எனக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே ஷூவை வெளுத்து அனுப்பிவிட்டால் மனஸ்தாபம் தீரும் என்று உட்கார்ந்தேன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருஷம் குடுவை கழுவியவனுக்கு ஷூ எம்மாத்திரம்? முதலில் பற்பசை போட்டுத் தேய்த்தேன், அது நீலப் பற்பசை என்பதால் ஷூவும் நீலமாயிற்று, நீலத்தை எடுக்க பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தேன், நீலம் போய் மஞ்சள் வந்தது, இதற்கிடையில் லேஸைத் தனியாகக் கொதிக்கவைத்தேன், அது பால் காய்ச்சும் பாத்திரம் என்பது உங்கள் அத்தை வந்து கத்திய பிறகுதான் தெரிந்தது. "பேப்பர் சுத்திக் காயவைங்க, மஞ்சள் ஏறாது" என்றாள். சுற்றினேன். வெள்ளைப் பேப்பர் என்று அவள் சொல்லவில்லை. நான் சுற்றியது செய்தித்தாள். காய்ந்ததும் வலது ஷூவின் மூக்கைக் கண்ணாடியில் காட்டினால் "காணவில்லை" என்று தெளிவாகப் படிக்க முடிந்தது.

கடைசியில், சமையலறைச் சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டை இரண்டு கோட் அடித்தேன். பளிச்சென்று இருக்கிறது. தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வருகிறது. மடங்காது. ஆகையால் நிற்கவேண்டிய இடங்களுக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்லவேண்டும். ஐந்து நாள் கையில் வைத்திருந்ததில் உங்களை நன்றாகப் புரிந்துகொண்டேன். இடது குதிகால் இவ்வளவு தேய்ந்திருக்கிறதென்றால் நீங்கள் நாளெல்லாம் அலைந்து உழைப்பவர். இது தெரியாமல் பேசிவிட்டேன். ஷூவுக்குள் ஒரு சிவப்பு ஒயர்த் துண்டு இருந்தது. வங்கியில் அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. தீப்பெட்டியில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

மற்றபடி விசேஷம் இல்லை. நீங்கள் வந்த அன்றைக்கு ஹீட்டர் பழுதுபார்க்க வந்த எலெக்ட்ரீஷியன், ஈரத்தில் நின்று வேலை செய்ய நம் பாத்ரூம் ரப்பர் செருப்பைக் கேட்டு வாங்கினான். நடுவில் போன் வந்ததும் பின்வாசல் வழியாகச் செருப்போடு ஓடிவிட்டான். நாலு நாளாக வந்து மணி அடிக்கிறான். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறேன். செருப்புத் திருடனோடு நமக்கு என்ன பேச்சு?

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, நான் போன் செய்தால் எடுத்து, நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: பார்சல் கட்டும்போது மறுபடி மணி அடித்தது. உங்கள் அத்தை கதவைத் திறந்துவிட்டாள். எலெக்ட்ரீஷியன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஐயா, இதைக் குடுத்துட்டு என் ஷூவை எடுத்துட்டுப் போலாம்னு நாலு நாளா வரேன்" என்றார். அப்புறம் மேசையைப் பார்த்தார். பெயிண்ட் அடித்த ஷூவை எடுத்துத் தட்டிப் பார்த்தார். டொக் டொக்கென்றது.

மகளுக்குப் போன் போட்டேன். நீங்கள் அன்று பழுப்புச் செருப்பில் வந்து அதிலேயே போனீர்களாம். "அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றேன். "வயசுல பெரியவர், நாலு பேர் முன்னாடி அவரைத் தலைகுனிய வைக்கக் கூடாதுன்னுட்டார்ப்பா" என்றாள்.

ஆகவே மேலே எழுதியதில் மன்னிப்பை மட்டும் வைத்துக்கொண்டு பாக்கியை அடித்துவிடுங்கள். குதிகால், உழைப்பு எல்லாம் எலெக்ட்ரீஷியனுக்கு. உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வருகிற ஞாயிறு வாருங்கள். காலில் எதைப் போட்டு வந்தாலும் சரி, நான் முகத்தை மட்டும்தான் பார்ப்பேன்.