ஏலத்துக்கு வந்த பிரஷ்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு விஷயத்திலாவது நான்தான் எஜமானாக இருப்பது என்று போன மாதம் முடிவெடுத்தேன். அது என் வாய். அதற்குள் எந்தப் பிரஷ் போகலாம் என்று தீர்மானிக்கும் உரிமை எனக்கு மட்டுமே.

எனக்குப் பிடித்தது முரட்டுப் பிரஷ். தேய்க்கிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டும். ஈறில் ரத்தம் வந்தால் அழுக்கு போகிறது என்று அர்த்தம். இந்தக் கொள்கையைக் கட்டப்பனையில் பல் டாக்டர் ஜெஸ்னாவிடம் விளக்கினேன். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தவர், "சேட்டா, இது பல்லாணோ, பாத்திரமாணோ?" என்று மலையாளத்தில் கேட்டார். ஈறு தேய்ந்து கீழே இறங்குகிறதாம். இப்படியே போனால் பல் ஆடுமாம். தலை சின்னதாக, நார் மெத்தென்று இருக்கிற பிரஷ்ஷால் ஈறோரம் மெள்ளத் தேய்க்க வேண்டுமாம்.

என் மனைவி அன்னமேரி திரும்பும் வழியிலேயே ஒன்று வாங்கிவிட்டாள். நார் பூனைக்குட்டி மீசை மாதிரி இருந்தது.

"இதால தேச்சா பல்லுக்குத் தூக்கம்தான் வரும்" என்றேன்.

"ரத்தம் வாரதுக்குத் தூக்கம் வந்தா தேவலங்க."

"செத்தாலும் இத வாயில வைக்க மாட்டேன்."

"செத்தப்புறம் வச்சு என்னத்துக்கு?"

"எவனுக்காவது குடுத்துரு!"

"சரி, கோயிலுக்குக் குடுத்துர்றேன்."

இவ்வளவு சுலபமாக அவள் தோற்றதே இல்லை. அன்று முழுக்க வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

எங்கள் வண்டன்மேட்டு மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் நடக்கும். காணிக்கையாக வந்த சேவல், பலாக்காய், வாழைக்குலை எல்லாம் விலைபோகும். நான் ஒரு ஏலக்காய் வியாபாரிக்காக ஏலம் கேட்கிறவன். ஏலக்காய் ஏலத்தில் இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். வாயை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்க வேண்டும். வாரம் முழுக்க அடைத்துக் கிடக்கிற தொண்டை கோயில் முற்றத்தில்தான் திறக்கும். அதிலும் பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் வினோ ஒரு பொருளைக் கேட்டுவிட்டால் போதும். அது அழுகின பூசணியானாலும் எனக்கு வேண்டும்.

அந்த ஞாயிறு, சேவலுக்கும் வாழைக்குலைக்கும் நடுவே, ஏலம் விடுகிற கோயில் உபதேசியார் அந்தப் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தார். சனங்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன்.

"பிரிக்காத பிரஷ்! பத்து ரூவா!"

"அம்பது" என்றான் வினோ.

என் சிரிப்பு நின்றது. "நூறு!" என்று யாரோ கத்தினார்கள். நான்தான்.

அன்னமேரி ஓடிவந்து சட்டையைப் பிடித்தாள். "ஏங்க, நமக்குத்தான் பிடிக்காதே, விடுங்க. வினோ தம்பி பல்லாவது நல்லாருக்கட்டும்."

"அவன் பல்லா? எரநூறு!"

"முந்நூறு" என்றான் வினோ. "எண்ணே, நீங்க முரட்டுப் பிரஷ் ஆளாச்சே, இது எதுக்கு?"

"எனக்கு மெத்துன்னு தேய்க்கத் தெரியாதாடா? ஐந்நூறு!"

கடைசியில் போன விலையை எழுத மாட்டேன். அன்று சேவல் அதைவிட மலிவு. வினோ கும்பிடு போட்டு ஒதுங்கினான். பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல்.

அந்த விலை கொடுத்த பொருளைச் சும்மா வைக்க மனசு வருமா? மறுநாளே தேய்த்தேன். அழுத்தினால் நார் வளைந்துவிடுமே என்ற பயத்தில், குழந்தைக்குத் தலை சீவுகிற மாதிரி தேய்த்தேன். கொஞ்ச நாளில் ரத்தம் நின்றே போனது.

"பாத்தியா, நானாப் பாத்து எடுத்த பிரஷ்" என்றேன் அன்னமேரியிடம், தேய்த்துக்கொண்டே. "வினோ வாயப் பொளந்துட்டு நின்னானே!"

"ஆமாங்க, பாவம். நீங்க பாதியில விட்டுட்டா தன் தலையில விழுந்துருமேன்னு ஒரே நடுக்கம் அவனுக்கு. நாந்தான் 'எங்க வீட்டுக்காரரு விடமாட்டாரு, நீ பாட்டுக்குக் கேளு தம்பி'ன்னு அனுப்பி வச்சேன்."

வாய் நிறைய நுரை. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஒருவழியாகத் துப்பிவிட்டு ரோஷத்தோடு சொன்னேன். "இருக்கட்டும். சாகிற வரைக்கும் இந்த ஒத்தப் பிரஷ்தான் எனக்கு. இனி எவன் ஏலமும் எனக்கு வேண்டாம்."

"அதெப்படிங்க? மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும்னு டாக்டரம்மா சொல்லிருக்காக. கோயில்ல இன்னும் மூணு குடுத்து வச்சிருக்கேன்."